ஃபைபருக்குள்ளே என்ன இருக்கிறது? கழியொலிச் சோதனை, படிப்படியாக

10 மி.மீ. தடிப்புள்ள குழாயை 22 மி.மீ. என்று அளந்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் நான். வளைகுடாவில் சில வருடம் இரும்புக் குழாய்களையும் வெல்டிங்கையும் சோதித்துவிட்டு இலங்கை மலையகத்து ஹட்டனுக்குத் திரும்பியிருந்த நேரம். ஒரு சின்ன நீர்மின் நிலையத்தில் மலையிலிருந்து இறங்கும் ஃபைபர் குழாயைப் பார்க்கச் சொன்னார்கள். கருவியை எடுத்தேன், ஜெல்லைப் பூசினேன், எண்ணை எழுதினேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர் ஸ்டோர் ரூமிலிருந்து அதே குழாயின் வெட்டுத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "தம்பி, வாங்கும்போதே இது பத்துத்தானே? மழைக்கு ஊதிப்போச்சா?"

நடந்தது இதுதான். கருவியில் உருக்கின் வேகம், செக்கனுக்கு 5,920 மீற்றர், அப்படியே கிடந்தது. கண்ணாடியிழை ஃபைபரில் தடிப்பின் ஊடாக ஒலி போவது ஏறத்தாழ 2,700 மீற்றர் வேகத்தில்தான். கருவி அளப்பது நேரத்தை மட்டும். போய்வந்த நேரத்தை வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தடிப்பு. வேகம் பிழைத்தால் எல்லாம் பிழை. அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் கற்றதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இரும்பில் கழியொலிச் சோதனை பழகியவர்கள், அல்லது முதலாம் நிலைப் பயிற்சியை முடித்துவிட்டு ஃபைபர் பக்கம் வருகிறவர்களுக்காக இது. கழியொலி என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சொல். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் மீயொலி என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், 20,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட, காதுக்கு எட்டாத ஒலி.

மலையில் எங்கே ஃபைபர் என்று கேட்காதீர்கள். தண்ணீர் டாங்கி ஃபைபர். நுவரெலியா கிரகரி வாவியில் மிதிக்கும் அன்னப் படகு ஃபைபர். அம்பேவலப் பக்கம் சுற்றும் காற்றாடிகளின் இறக்கைகள் ஃபைபர். தலைக்கு மேலே போகும் விமானத்திலும் இருக்கிறது. போயிங் 787 இன் எடையில் பாதியளவு கூட்டுப்பொருள், பெரும்பாலும் கரியிழை. பொருள் மாறினாலும் சோதிக்கும் முறையின் எலும்பு ஒன்றுதான்.

முதல் படி: எதைத் தேடுகிறோம்?

ஃபைபர் என்பது பாய் மேல் பாயாக அடுக்கி, பிசினால் ஒட்டிய பொருள். ஆகவே அதன் நோயும் பெரும்பாலும் அடுக்குகளுக்கு இடையில்தான் வரும். அடுக்குகள் விட்டுப்போனால் அடுக்குப் பிரிவு. பிசினுக்குள் நுண்குமிழ்கள் பரவியிருந்தால் நுண்துளை. இரண்டு பாகங்களைப் பசையால் ஒட்டிய இடம் விட்டிருந்தால் ஒட்டுப் பிரிவு. இவை மூன்றும் கழியொலிக்கு நன்றாகப் படும். இழை நெளிந்து மடிந்திருப்பது அரைகுறையாகப் படும். பசை தொட்டுக்கொண்டிருக்கிறது ஆனால் பிடிக்கவில்லை என்ற கள்ள ஒட்டு படவே படாது. அதைக் கண்டுபிடிப்பேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் விலை கேட்காமல் வந்துவிடுங்கள்.

இன்னொன்று, அடி. உருக்கில் கல் விழுந்தால் பள்ளம் தெரியும். ஃபைபரில் மேலே நகக்கீறல் மாதிரி ஒரு தடம், உள்ளே போகப் போகக் கூம்பு போல விரிந்த சேதம். மேலே பார்த்து அளவைத் தீர்மானிக்காதீர்கள். மண்சரிவுப் பக்கமாகப் போகும் குழாயில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஏன் அடுக்குப் பிரிவு அவ்வளவு நன்றாகப் படுகிறது? ஒலி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் போகும்போது எவ்வளவு திரும்பும் என்பது அந்த இரண்டின் அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. ஃபைபருக்கு அது ஏறத்தாழ 5, தண்ணீருக்கு 1.5, காற்றுக்கு 0.0004. ஃபைபருக்குள் காற்று இடைவெளி, முடியளவு மெல்லியதாக இருந்தாலும், கிட்டத்தட்ட முழு ஒலியையும் தெறிக்க வைத்துவிடும். அந்த எண்களில் தண்ணீருடையதை ஞாபகத்தில் வையுங்கள். நமது ஊரில் அதுதான் ஏமாற்றும்.

இரண்டாம் படி: கருவியும் ப்ரோபும்

ப்ரோப் என்பது பொருளின் மேல் வைத்து ஒலியை அனுப்பி, எதிரொலியை வாங்கும் தலை. கருவியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அலையை அப்படியே திரையில் காட்டும் சாதாரணக் கழியொலிக் கருவி போதும். எண்ணை மட்டும் காட்டும் தடிப்புமானி போதாது. அது எந்த எதிரொலியைப் பிடித்து எண்ணாக்கியது என்று உங்களுக்குத் தெரியாது. படம் வரையும் பல்லலகு ப்ரோப், சக்கரப் ப்ரோப் எல்லாம் பெரிய பரப்புக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஓர் அலையை வாசிக்கத் தெரியாதவருக்கு வண்ணப் படம் கொடுத்தால் வண்ணத்தைத்தான் வாசிப்பார்.

ப்ரோப்பின் மீடிறனில்தான் (அதிர்வெண்) விஷயம். இரும்பில் 4 அல்லது 5 மெகா ஹேர்ட்ஸ் பழகிய கை அதையே தேடும். மெல்லிய கரியிழைத் தகட்டுக்கு 5 சரி. கையால் பூசிய கண்ணாடியிழையில் அது உள்ளே போய்த் திரும்பாது. இழையும் குமிழும் ஒலியைச் சிதறடித்துவிடும். 2,700 ஐ மீடிறனால் வகுத்துப் பாருங்கள். 5 மெகா ஹேர்ட்ஸில் அலைநீளம் 0.54 மி.மீ., 2.25 இல் 1.2, 1 இல் 2.7. அலை நீண்டால் சிதறல் குறையும், ஆழம் கூடும். அதற்கு விலையாகச் சின்னக் குறை தப்பிவிடும். என் பையில் இருப்பது இரண்டு: 10 மி.மீ. வரை 2.25, அதற்கு மேல் 1. காற்றாடி இறக்கையின் முதுகெலும்பு மாதிரித் தடித்த இடத்துக்கு 0.5 வரை இறங்குகிறவர்களும் உண்டு.

ப்ரோப்பின் மூக்கில் பிளாஸ்ரிக் தாமதத் துண்டு பூட்டியதாக வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ப்ரோப் அடித்த அதிர்வு அடங்கும் முன்னரே முதல் சில மில்லிமீற்றரின் எதிரொலி வந்து அதற்குள் புதைந்துவிடும். மேல் அடுக்குப் பிரிவு கண்ணுக்குத் தப்புவது இப்படித்தான்.

மூன்றாம் படி: பலகை செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். உருக்குக் கட்டையில் அளவு சரிபார்த்துவிட்டு ஃபைபரைச் சோதிப்பது, நெல் மரக்காலால் மண்ணெண்ணெய் அளப்பது மாதிரி. அதே பாய், அதே பிசின், அதே கை வேலை உள்ள ஒரு பலகை வேண்டும். அதற்குள் குறைகளை நீங்களே வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையே தன் குழாயின் துண்டில் செய்து தந்தால் இன்னும் நல்லது. தராவிட்டால் இப்படி.

சதுர மீற்றருக்கு 450 கிராம் கண்ணாடியிழைப் பாய், பொலியெஸ்டர் பிசின், அதன் ஹார்ட்னர். படகு, த்ரீவீலர் பம்பர் ஒட்டும் கடைகளில் கிடைக்கும். ஓர் அடுக்கு கையால் பூசினால் ஏறத்தாழ 1 மி.மீ. வரும். 4, 8, 12, 16, 20 மி.மீ. என்று ஐந்து படிக்கட்டாக ஒரு பலகை. ஒரேயடியாக 20 மி.மீ. பூசாதீர்கள். பிசின் இறுகும்போது சூடாகும், தடித்தால் உள்ளே வெந்து வெடிக்கும். நாலைந்து அடுக்காகப் பூசி, ஆறவிட்டுத் தொடருங்கள். ஹார்ட்னர் 1 முதல் 2 சதவீதம். அதைக் கோபால்ட் முடுக்கியோடு நேரடியாக ஒருபோதும் கலக்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும். ஒன்றைப் பிசினில் முழுக்கக் கலந்த பின்னரே மற்றது.

குளிரில் பிசின் இறுகாது. 15 பாகையில் வைத்த பலகை இரண்டு நாளானாலும் கையில் ஒட்டும். எனக்குத் தோன்றிய புத்தி, தெரிந்த தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) அடுப்பறைப் பக்கம் சூட்டில் வைக்கலாமே என்று. டீமேக்கர் வாசலிலேயே மறித்துவிட்டார். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். பிசின் வாடை ஏறிய தூளை யார் குடிப்பது? கடைசியில் வெளியே ஒரு பழைய அலுமாரிக்குள் இரண்டு பல்பை எரியவிட்டுக் காயவைத்தேன்.

இப்போது குறைகள். தெஃப்லோன் தாளை இரண்டாக மடித்து, 6, 12, 25 மி.மீ. சதுரங்களாக வெட்டி, ஓரத்தை மெல்லிய டேப்பால் அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கொஞ்சம் காற்று நிற்க வேண்டும், அதுதான் வேலையே. 12 மி.மீ. படியில் மேலிருந்து 3, 6, 9 மி.மீ. ஆழத்தில் ஒவ்வொரு தொகுதியாக வையுங்கள். ஒன்றின் நிழலில் இன்னொன்று வராமல் தள்ளி வையுங்கள். எந்த இடத்தில் எது என்று காகிதத்தில் எழுதுங்கள். 20 மி.மீ. படியில், பின்பக்கத்திலிருந்து அடி தட்டையான துளைகள் மூன்று. சாதாரண ட்ரில் அலகு கூம்பாகத் தோண்டும், அது ஒலியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். லேத் பட்டறையில் தட்டை வெட்டு அலகால் செய்து வாங்குங்கள்.

நான்காம் படி: வேகமும் பூச்சியமும்

வேர்னியரால் 4 மி.மீ. படியையும் 16 மி.மீ. படியையும் அளந்து எழுதுங்கள். அச்சாக 4 வராது, 4.3 வரும், பரவாயில்லை. ப்ரோபை மெல்லிய படியில் வைத்துப் பூச்சியத்தை நகர்த்தி அந்த அளவு வரச் செய்யுங்கள். தடித்த படிக்குப் போய் வேகத்தை மாற்றுங்கள். மறுபடி மெல்லியதற்கு. மூன்று நான்கு தடவை போய்வந்தால் இரண்டும் பொருந்தும். அப்போது கருவி காட்டும் வேகம்தான் உங்கள் பொருளின் வேகம். 2,500 முதல் 3,000 க்குள் வந்தால் நம்பலாம். 4,000 என்று வந்தால் எங்கோ தவறான எதிரொலியைப் பிடித்திருக்கிறீர்கள். பலகை தருவது பலகையின் வேகம். குழாயின் வெட்டுத்துண்டு ஒன்று கிடைத்தால், அதையும் வேர்னியரால் அளந்து சரிபார்த்த பின்னரே குழாய்க்குப் போங்கள்.

அப்புறம் கெயின், அதாவது எதிரொலியைத் திரையில் எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பது. நல்ல இடத்தில் பின்சுவர் எதிரொலியை, அதாவது பொருளின் மறுபக்கத்தில் பட்டுத் திரும்புவதை, திரையின் 80 சதவீத உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த டெசிபெல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இதை எழுதாத அறிக்கை வெறும் கதை.

காலையில் பனியில் சரிபார்த்த கருவியை மத்தியான வெயிலில் அப்படியே நம்பாதீர்கள். பிசின் சூடேற ஒலியின் வேகம் குறையும், ப்ரோப்பின் தாமதத் துண்டிலும் அப்படியே. பலகையைக் குழாயின் பக்கத்திலேயே வைத்திருந்தால் இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும். நான் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன்.

ஐந்தாம் படி: மேற்பரப்பும் ஜெல்லும்

பாசியைத் துடையுங்கள். உதிரும் பெயின்ட்டைச் சுரண்டுங்கள், உறுதியான பெயின்ட்டை விட்டுவிடுங்கள். ப்ரோப்புக்கும் பொருளுக்கும் இடையில் காற்று நிற்காமல் ஒலியைக் கடத்துவதுதான் ஜெல். அது தண்ணீர்ச் சாதியாக இருக்க வேண்டும். கிறீஸ், சிலிக்கோன் எண்ணெய் வேண்டாம். நாளைக்கு அந்த இடத்தை ஒட்டிப் பழுதுபார்க்க வந்தால் பிசின் பிடிக்காது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்யும் ஜெல் பார்மசியில் கிடைக்கிறது, அது போதும். வெட்டு விளிம்பில் தடவாதீர்கள், உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

காயவிடுங்கள் என்பதுதான் மலையில் முக்கியம். காற்று நிரம்பிய பிளவு ஒலியை முழுதாகத் தெறிக்க வைக்கும் என்றேன். அதே பிளவில் தண்ணீர் புகுந்தால், மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒலியின் பெரும்பகுதியைக் கடக்க விட்டுவிடும். பிளவு இருக்கும், திரையில் பாதி மறைந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் மழையில் நனைந்துகொண்டே இருக்கும் ஒரு பொருளை அந்த நேரத்தில் சோதித்து "நல்லது" என்று எழுதுவதற்கு எனக்குக் கை வராது. வெளியே ஈரமான விளிம்பும் விரிசலும் தெரிந்தால், ஜனவரி, பெப்ரவரி வெயிலுக்குத் திரும்பவும் வரச் சொல்லிக் குறிப்பு எழுதுவேன்.

ஆறாம் படி: பின்சுவரைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குறையின் எதிரொலியைத் தேடுவார்கள். நானும் தேடினேன். ஃபைபரில் உள்ளே எப்போதும் சின்னச் சின்ன முட்கள் நிற்கும், இழையும் பிசினும் தரும் இரைச்சல் அது. ஒவ்வொரு முள்ளுக்கும் நின்றால் பொழுது விடியாது. கண்ணைப் பின்சுவரில் வையுங்கள். பின்சுவர் எதிரொலி ஒழுங்காக நின்றால், ஒலி அந்த இடத்தை முழுக்கக் கடந்து, அடியைத் தொட்டு, திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். அது குலைந்தால்தான் ஏன் என்று கேளுங்கள்.

குலைவது நாலு விதம். பின்சுவர் விழுந்து, அதற்கு முன்னால் புதிய எதிரொலி தெளிவாக எழுந்தால் அடுக்குப் பிரிவு. அதன் ஆழத்தை நேராக வாசிக்கலாம். பின்சுவர் விழுந்து, முன்னால் எதுவும் எழாமல் இரைச்சல் மட்டும் தடித்தால் நுண்துளை. பின்சுவர் விழாமல் இடம் மட்டும் நகர்ந்தால் அடுக்கு கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது, அது பெரும்பாலும் வடிவமைப்பு, குறையல்ல. எல்லாமே ஒன்றாக விழுந்தால் ஜெல் காய்ந்துவிட்டது. கடைசியதுதான் நாளுக்கு இருபது தடவை நடக்கும்.

இங்கே ஒரு பொறி. தண்ணீர் ஓடும் குழாயின் பின்சுவர், காலிக் குழாயினதைவிட ஏறத்தாழ 5 டெசிபெல் தாழ்வாகத்தான் நிற்கும். ஒலியின் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விடுகிறது, அவ்வளவுதான். உங்கள் பலகைக்குப் பின்னால் இருப்பது காற்று. அந்தக் கெயினோடு போய் நிறைந்த குழாயில் வைத்தால் முழுக் குழாயுமே நோயாளி போலத் தெரியும். ஒரு வேலையில் வால்வு வரை பத்து மீற்றரைச் சிவப்புக் கோடிட்டு, வால்வுக்கு அப்பால் காலியான பகுதியில் திடீரென்று "நல்லாக" வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பலகையின் முதுகு தண்ணீரில் படும்படி ஒரு பேசினில் வைத்துக் கெயினைத் திரும்பவும் எடுங்கள்.

ப்ரோபை நகர்த்தும்போது ஒவ்வொரு வரிசையும் முந்தியதன் பாதியையாவது மூட வேண்டும். கொழுந்து எடுக்கிறவர்கள் ஒரு செடியை விடாமல் நிரையில் போவது மாதிரி, அவசரப்படாமல். குழாயில் ஃப்ளாஞ்சிலிருந்து (மூட்டு விளிம்பிலிருந்து) எத்தனை மீற்றர், மேலிருந்து மணிக்கூட்டு முள்ளாக எத்தனை மணி என்று இடத்தைக் குறியுங்கள். சில குழாய்களின் நடுவில் மணல் கலந்த அடுக்கு இருக்கும். அங்கே பின்சுவர் வரவே வராது. உற்பத்தியாளரின் வரைபடத்தைக் கேட்டு வாங்காமல் அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

ஒட்டிய இடத்துக்கு விதி தலைகீழ். காற்றாடி இறக்கையில் மேல்தோலும் உள்ளே நிற்கும் தாங்குசுவரும் பசையால் ஒட்டியிருக்கும். பசை நன்றாகப் பிடித்த இடத்தில் ஒலி தோலைக் கடந்து பசைக்குள் போகும், தோலின் அடியிலிருந்து வரும் எதிரொலி மெலிந்திருக்கும். பசை இல்லாத இடத்தில் அதே எதிரொலி கம்பீரமாக எழும், பின்னால் அதன் மறுஎதிரொலிகள் வரிசை கட்டும். அங்கே பெரிய எதிரொலி கெட்ட செய்தி. நுரை அல்லது பால்சா மரம் நடுவில் உள்ள பகுதியில் இந்தப் ப்ரோப் தோலுக்கு அப்பால் எதையும் சொல்லாது, அங்கே தட்டிப் பார்க்கும் முறையே மேல். தோல் மெல்லியதானால் ஒரு நாணயம் போதும். பிரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலைக்கு ஆள் கூட்ட, தப்புப் பறை அடித்த ஊரில் வளர்ந்த காதுக்கு, இறுகிய தோலும் தொய்ந்த தோலும் எப்படிச் சத்தம் போடும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி கேட்டால் இறக்கையை விட்டு இறங்கிவிடுங்கள், மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம்.

ஏழாம் படி: அளவும் அறிக்கையும்

குறையின் நடுவில் அதன் எதிரொலியை 80 சதவீதத்துக்கு எழுப்புங்கள். ஓரத்தை நோக்கி நகர்த்துங்கள். அது 40 ஆகப் பாதியாகும் இடத்தில், அதாவது 6 டெசிபெல் விழும் இடத்தில், ப்ரோப்பின் மையத்துக்கு நேராகப் புள்ளி வையுங்கள். எல்லாப் பக்கமும் வைத்துச் சேர்த்தால் உருவம் கிடைக்கும். குறை ப்ரோபைவிடச் சின்னதானால் இந்த முறை உங்கள் ப்ரோப்பைத்தான் அளக்கும். அப்போது பலகையில் உள்ள 6 மி.மீ. சதுரத்தோடு ஒப்பிட்டு "அதைவிடப் பெரிது, சிறிது" என்று மட்டும் எழுதுங்கள். ஒப்பிடும்போது ஏறத்தாழ அதே ஆழத்தில் உள்ள சதுரத்தோடு ஒப்பிடுங்கள். 12.7 மி.மீ. விட்டமுள்ள 2.25 மெகா ஹேர்ட்ஸ் ப்ரோப்புக்கு அருகுப் புலம், அதாவது ப்ரோப்புக்கு முன்னால் ஒலி சீராகாத பகுதி, இந்தப் பொருளில் 34 மி.மீ. வரை நீளும். உங்கள் 20 மி.மீ. முழுதும் அதற்குள்தான். அங்கே எதிரொலியின் உயரம் ஆழத்தோடு தாறுமாறாக ஏறி இறங்கும்.

குறியிட மெழுகுப் பென்சில். ஆணியால் கீறினால் நீங்களே ஒரு குறையைச் சேர்க்கிறீர்கள்.

எந்த அளவு வரை ஏற்கலாம் என்று நீங்கள் தீர்மானிக்காதீர்கள். அது உற்பத்தியாளரும் உரிமையாளரும் எழுதித் தர வேண்டியது. விமானத் துறையில் தட்டைக் கூட்டுப்பொருட் பலகைகளுக்கு ஏஎஸ்டிஎம் ஈ2580 என்ற நியமம் இருக்கிறது, முறையை அதிலிருந்து கற்கலாம். சான்றிதழுக்கு ஐஎஸ்ஓ 9712 இன் மூன்று நிலைகள். இலங்கை அணுசக்தி சபை அழிவில்லாச் சோதனைப் பயிற்சிகளை நடத்துகிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

அறிக்கையில் ப்ரோப்பின் விட்டமும் மீடிறனும், வேகம், கெயின், பலகையின் அடையாளம், பொருளின் வெப்பநிலை, குழாய் நிறைந்திருந்ததா காலியா, கடைசியாக எப்போது மழை பெய்தது, எட்ட முடியாமல் விட்ட இடங்கள். விட்ட இடங்களை எழுத வெட்கப்படாதீர்கள். கடைசியில் ஜெல்லைக் கழுவித் துடைத்துவிட்டு, பலகையில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். காலையில் 12.2 காட்டிய படி இப்போது 12.9 காட்டினால், கடைசியாகச் சரிபார்த்த நேரத்திலிருந்து அளந்ததை எல்லாம் திரும்பவும் அளக்க வேண்டும்.